காவிரி, காவேரி, பொன்னி: ஒரு பெண்பெயரின் வரலாறும் பண்பாட்டு உறவுகளும்

தமிழில் பெயராய்வு என்னும் துறை ஊர்ப்பெயரை ஒட்டியே பெரிதும் வளர்ந்தது. ரா.பி. சேதுப்பிள்ளை இட்ட தடத்தில் கல்வெட்டும் இலக்கியமும் துணையாக எத்தனையோ ஊர்களின் பெயர்கள் ஆராயப்பட்டுவிட்டன. மக்கட்பெயர் ஆய்வு அவ்வளவு செழிக்கவில்லை. செழித்த இடத்திலும் மன்னர், புலவர் பெயர்களே முன்நின்றன. பெண்பெயர் பின்னிணைப்பாகவே வந்துபோனது. பெண்பெயரைத் தொட்டவர்களும் வேர்ச்சொல் கண்டதோடு அமைந்தனர். ஒரு பெயரை மகளுக்கு இடும்போது அதனோடு எத்தகைய கதைகளையும் கட்டுப்பாடுகளையும் சேர்த்து இடுகிறோம் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படவே இல்லை. அவ்வினாவைக் காவேரி என்னும் பெயரை முன்வைத்து எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பெயரைத் தேர்ந்ததற்குப் பெங்களூரு ஒரு காரணம். இந்நகரத்து வகுப்பறையில் வருகைப்பதிவேட்டில் கயல்விழி என்றிருந்தால் வீட்டுமொழி தமிழ் என்று துணியலாம். காவேரி என்றிருந்தால் அவ்வாறு துணிய இயலாது. தமிழ்க் குடும்பத்து மகளாகவும் இருக்கலாம். மைசூர், மண்டியப் பகுதிக் கன்னடக் குடும்பத்து மகளாகவும் இருக்கலாம். கொடகிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். அவ்வாறு இந்நகரம் எங்கும் இப்பெயர் பரவிக் கிடக்கிறது. குடிநீர் வாரியத்தின் தலைமையகம் காவேரி பவன்; முதலமைச்சரின் அலுவல்முறை இல்லங்களுள் ஒன்று காவேரி; மகாத்மா காந்தி சாலையில் உள்ள அரசுக் கைவினைப் பொருள் அங்காடி காவேரி; பத்திரப் பதிவுத் துறையின் கணினி மென்பொருளும் காவேரி. இங்குள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று போர் விமானத்துக்கென உருவாக்கத் தொடங்கிய தாரைப்பொறிக்கும் காவேரி என்றே பெயரிட்டனர். சென்னையிலிருந்து இந்நகரின் வழியே மைசூர் செல்லும் இரயிலும் காவேரி விரைவு வண்டியே. ஆற்றைத்தான் இந்நகரில் காண இயலாது. ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து, தொரேகாடனஹள்ளியில் தொடங்கும் குழாய்களின் வழியே, மேட்டுநிலம் நோக்கி இறைத்துக் கொண்டுவரப்படும் நீராகவே காவிரி இங்கு அறியப்படுகிறது. அத்திட்டத்தின் முதற்கட்டம் 1974இலும் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரிலும் செயலுக்கு வந்தன.

இதே பெயரைச் சொல்லியே 1991 திசம்பரில் இந்நகரத்துத் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிக்கப்பட்டன. மகளுக்கு அன்போடு இடப்பட்ட பெயர் ஒன்று தெருவில் பகைமுழக்கமாக ஒலிக்கக் கேட்ட குடும்பங்கள் இருமொழியாரிடத்தும் உண்டு. ஆகவே இப்பெயரின் வரலாறு ஏட்டளவில் நிற்கும் ஒன்றன்று.

வடிவம்

தமிழ் நூல்களில் காவிரி, காவேரி என இரு வடிவங்கள் வழங்குகின்றன. காவிரி என்பது தூய தமிழ் வடிவம் என்றும், காவேரி என்பது வடமொழி வழிப்பட்ட திரிபு என்றும் பொதுவாகக் கொள்வர். கா என்னும் சோலை விரியுமாறு பாய்வதால் காவிரி என்பது அறிஞர் பலரும் விரும்பும் விளக்கம். காகம் விரித்த நீர் ஆதலின் காவிரி என்பது செவிவழி விளக்கம். கவேரன் மகள் ஆதலின் காவேரி என்பது புராண விளக்கம். மூன்றும் பெயர் தோன்றிய பின்னர் அதற்குப் பொருள் தேடியவை என்றே தோன்றுகிறது. சோலை விரித்தல் அழகிய கருத்து. ஆயினும் ஆறு பெயர் பெறுவது அது பாயும் வயலிலும் சோலையிலும் மட்டுமன்று. மலைநாட்டு மக்களும் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பர். அவர்கள் மொழிகளையும் உடன்வைத்துப் பாராமல் கா, விரி எனப் பிரித்து மகிழ்வது முறையான சொல்லாய்வு ஆகாது.

இரு வடிவங்களின் வேறுபாட்டை யாப்பின் வழியே நோக்குவது பயனுடையது. காவிரி என்பது நேரும் நிரையுமாய்க் கூவிளம் ஆகும் ஈரசைச்சீர். காவேரி என்பது நேரசை மூன்றாய்த் தேமாங்காய் ஆகும் மூவசைச்சீர். ஆசிரியப்பா ஈரசைச்சீருக்கு உரியது. அகநானூற்றில் காவிரி என்னும் வடிவம் நிற்பது இயல்பே. பட்டினப்பாலையின் வஞ்சியடிப் பகுதியில் கடல் என்னும் அடையோடு சேர்ந்து இச்சொல் கனிச்சீராகி நிற்கிறது. அங்கும் நிரையசையில் முடியும் காவிரியே பொருந்தும், காவேரி பொருந்தாது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் ஆற்றை விளித்துப் பாடும் வரிப்பாடல்களிலோ காவேரி என்னும் வடிவமே திரும்பத் திரும்ப வருகிறது. இசைப்பாட்டுக்குக் காய்ச்சீரும் நெடில் ஓசையும் வேண்டியிருந்தன என்பது வெளிப்படை. இளங்கோவடிகள் ஓரிடத்தில் தமிழ் வடிவத்தையும் மற்றோரிடத்தில் வடமொழி வடிவத்தையும் கையாண்டார் என்பதினும், அறிவிக்கும்போது காவிரி, அழைத்துப் பாடும்போது காவேரி என இரண்டும் வழக்கில் இருந்தன எனக் கொள்வது பொருத்தமாகும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி கிரேக்கத்தில் எழுதிய கபேரிஸ், கபேரோஸ் என்னும் வடிவங்களின் நடு உயிரும் அம்மொழி எழுத்துமுறையில் நெடிலே. பாலி மொழியின் அகித்தி சாதகம் காவீரபட்டணம் என்கிறது. அயலார் செவியில் விழுந்தது நடுவில் நீண்டு ஒலித்த பெயர் எனலாம். காவேரி என்று மகளுக்குப் பெயரிட்ட பெற்றோரைப் பிழைபட எழுதியவர் எனத் திருத்தும் புலமைக்கு இங்கு இடமில்லை.

கவர்ந்த பெண்

ஆற்றைப் பெண்ணாக்கிக் கூறுவது உலகெங்கும் உள்ள வழக்கு. காவிரி எத்தகைய பெண்ணாக முதலில் தோன்றுகிறாள் என்பதே கருதத்தக்கது. ஆட்டனத்தியை நீர் கொண்டதும், ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததும் பரணர் பாடல்களில் உவமையாக வருகின்றன. அகநானூற்று 222ஆம் பாடலில் காவிரி தாழ்ந்த கரிய கூந்தலை உடையவள். அத்தியின் அழகை விரும்பி அவனைக் கவர்ந்துகொள்கிறாள். மருதி என்னும் மற்றொருத்தி அவனை ஆதிமந்திக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுத் தான் கடலில் புகுகிறாள். அகத்திணை மாந்தரின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய நெறி. உவமைக்கு அத்தடை இல்லை ஆதலின், தலைவியின் பெயரே சொல்லப்படாத பாட்டில் மூன்று பெண்பெயர்கள் நிரலாக நிற்கின்றன: காவிரி, ஆதிமந்தி, மருதி. இம்மூவருள் ஒருத்தி ஆறு என்பதைப் பாடல் பெரிதுபடுத்தவில்லை. மூவரும் ஒருவனை விரும்பிய பெண்களே.

76ஆம் பாடல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்குப் பேசுபவள் பரத்தை. தலைவனைக் காவிரி அத்தியைக் கொண்டு மறைத்ததுபோலத் தான் கொண்டு மறைக்கப் போவதாகச் சூளுரைக்கிறாள். தன்னை ஒப்பிட்டுக்கொள்ள அவள் தேர்ந்தது காவிரியை! பிற்கால வழக்கில் அன்னை, பத்தினி, புனிதை என்றெல்லாம் போற்றப்பெறும் பெயர், நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பாடல்களுள் ஒன்றில் பரத்தையின் வாயில் பெருமிதத்தோடு ஒலிக்கிறது. வடமொழி அகராதிகளிலிருந்து மோனியர் வில்லியம்சு தொகுத்த பொருள்களுள் காவேரி என்பதற்கு ஆறு, மஞ்சள் என்பவற்றோடு கணிகை என்பதும் உண்டு. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு காட்ட நான் முற்படவில்லை. ஆயினும் வேட்கையைத் தானே வெளியிடும் பெண் என்னும் சாயல் இப்பெயரில் ஒரு காலத்தில் படிந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இக்கதை சிலப்பதிகாரத்தில் எவ்வாறு மாறுகிறது என்பதை உரையாசிரியர் மரபில் வந்த நாம் போதிய அளவு கவனித்தோம் அல்லோம். வஞ்சினமாலையில் கண்ணகி, புகார் நகரத்துப் பத்தினிப் பெண்டிரைப் பாண்டிமாதேவிக்கு எடுத்துரைக்கும்போது கரிகாலன் மகளின் கதையையும் கூறுகிறாள். அங்கு வஞ்சிக்கோனைக் கொண்டது வெறும் புனல். கூந்தல் தாழ்ந்த காவிரி இல்லை. மருதியும் இல்லை; கடலே அவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பரணர் பாட்டில் மூன்று பெண்கள் இருந்த இடத்தில் ஒரு பத்தினி மட்டும் எஞ்சுகிறாள். கற்பின் பெருமை பேச வந்த இடத்தில் கவர்ந்தவளுக்கும் மீட்டுக் கொடுத்தவளுக்கும் இடமில்லாது போயிற்று.

கானல்வரியின் காவேரி

அதே காப்பியத்தின் புகார்க் காண்டத்தில் காவேரி மனைவியாகிறாள். கடற்கரையில் மாதவியின் யாழை வாங்கிய கோவலன் ஆற்றைப் பாடுகிறான். சோழன் கங்கையைக் கூடினாலும் கன்னியைக் கூடினாலும் காவேரி ஊடுவதில்லை. அவ்வாறு ஊடாமையே மாதரின் பெருங்கற்பு என்பது அவன் பாட்டின் கருத்து. இப்பாடலைக் கற்பின் இலக்கணமாக எடுத்துக்காட்டும் கட்டுரைகள் தமிழில் ஏராளம். பாடுபவன் யார், கேட்பவள் யார் என்னும் எளிய வினா அக்கட்டுரைகளில் எழவில்லை. மனைவியைப் பிரிந்து வந்தவன் கணிகை ஒருத்தியின் முன்னிலையில் ஊடாமையைக் கற்பாக்கிப் பாடுகிறான். அது வீட்டில் இருக்கும் கண்ணகியின் நிலை. அதனை நெறியாகச் சொல்லித் தன் செயலுக்கு நிழல் தேடிக்கொள்கிறான். அவன் வாயில் காவேரி என்னும் பெயர் பொறுத்துக்கொள்ளும் மனைவி என்று பொருள்படுகிறது.

மாதவி யாழை வாங்கி அதே விளியில் விடை தருகிறாள். அவள் பாடும் காவேரிக்கு உடல் உண்டு. பூவாடை போர்த்தவள், கயலைக் கண்ணாக விழித்தவள், ஒசிந்து நடப்பவள். அவள் அவ்வாறு நடப்பது எதனால்? கணவனின் செங்கோல் வளையாமையை அறிந்ததனால். பெண்ணின் நடை கணவனின் நேர்மையைப் பொறுத்தது என்று கோவலனின் கூற்றைத் தலைகீழாக்கிவிடுகிறாள். கோல் வளைந்தால்? அவள் சொல்லவில்லை, கோவலனுக்கு உறைத்திருக்க வேண்டும். மூன்றாம் பாட்டில் காவேரி நாட்டைக் குழவியாக வளர்க்கும் தாயாகிறாள். கோவலன் அப்பெயரில் பொறுமையைக் கண்டான்; மாதவி நடையையும் நிபந்தனையையும் வளர்ப்பையும் கண்டாள். பின்னர் இருவரும் பிரிகின்றனர். காப்பியத்தின் போக்கையே திருப்பிய பூசல் ஒரு பெண்பெயருக்குப் பொருள் சொல்வதில் ஏற்பட்ட பூசல் என்றால் மிகையாகாது.

சிட்டியும் தி. ஜானகிராமனும் தங்கள் காவிரிப் பயண நூலுக்குக் கானல்வரித் தொடரையே தலைப்பாக்கினர். நாம் இன்று அத்தொடரை வாழ்த்தாக மட்டும் கேட்கிறோம். அது தோன்றிய இடத்தில் வழக்கும் எதிர்வழக்கும் இருந்தன.

கணவர் மாறும் ஆறு

சோழனின் மனைவி எனக் காவிரியைக் கூறுவது வெறும் அணிநயமன்று. அஃது உரிமைப் பட்டயம். மகேந்திரவர்ம பல்லவனின் திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டைக் கண்டால் இது தெளிவாகும். கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அவ்வடமொழிக் கல்வெட்டு சொல்லும் கற்பனை சுவையானது. சிவன் ஆறுகளை விரும்புபவன். காவிரியின் அழகைக் கண்டு அவளிடத்தும் மனம் செலுத்திவிடுவான் என்று மலைமகள் அஞ்சுகிறாள். தந்தை வீட்டை நீங்கி இம்மலையிலேயே நிலையாகத் தங்கி, இவ்வாறு பல்லவனின் காதலி என்று கணவனுக்கு அறிவுறுத்திக்கொண்டே இருக்கிறாள். சோழநாடு பல்லவர் கைக்கு வந்ததும் காவிரிக்குக் கணவனும் மாறிவிட்டான். காளிதாசனின் இரகுவம்சத்திலும் இதன் மற்றொரு முகம் உண்டு. இரகுவின் படைகள் இறங்கி ஆடியதனால் யானை மதம் மணந்த காவிரியை அவள் கணவனாகிய கடல் ஐயுறும் நிலை ஏற்பட்டதாம்! படையெடுப்பைப் பெண்ணின் மேல் படிந்த ஐயமாகக் கூறும் இக்கற்பனையை நயம் என்று பாராட்டிக் கடந்து செல்ல இக்காலத்து வாசகருக்கு எளிதில் மனம் வராது.

சோழன், பல்லவன், கடல் என உரிமை கொண்டாடுவோர் மாற மாற, காவிரி மட்டும் யாருக்கோ உரியவளாகவே தொடர்கிறாள். தமிழ்ப்புலவர், வடமொழிக் கவிஞர், அரசவையார் ஆகிய மூவரும் இதில் வேறுபடவில்லை. சங்கப் பரத்தையின் காவிரி ஒருத்திதான் பிறரைத் தனக்கு உரியவராக்க முற்பட்டவள்.

கன்னட மரபிலோ இவ்வாற்றுக்கு முதலில் வேறு பணி. ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிராசமார்க்கம் கன்னட நாட்டைக் காவேரி முதல் கோதாவரி வரை என வரையறுக்கிறது. தமிழுக்கு நாட்டின் நெஞ்சாக விளங்கிய ஆறு கன்னடத்துக்குத் தென்னெல்லை. எல்லையாக இருந்தது எவ்வாறு தாயானது என்பது கன்னட அறிஞர்கள் விரிவாக எழுத வேண்டிய பொருள். அதற்கு ஒரு விடை கொடகில் இருக்கிறது.

இரண்டு பெயர்சூட்டல்கள்

மணிமேகலை காவிரியை மகளாகக் காண்கிறது. மலர்வனம் புக்க காதையில் வரும் கவேரவனம், காவிரிப் பாவையின் தந்தையாகிய கவேரன் இருந்த இடமாகக் கூறப்படுகிறது. பதிகத்தில் வரும் காட்சி அதனினும் அரியது. காந்த மன்னவன் வேண்ட, அகத்தியனின் கரகம் கவிழ, காவிரி கிழக்கே ஓடிச் சம்பாபதித் தெய்வத்தின் அருகே வருகிறாள். முதியவளாகிய சம்பாபதி எழுந்து எதிர்கொள்கிறாள். அகத்தியன் சொற்படி காவிரி வணங்குகிறாள். அதுவரை தன் பெயரால் விளங்கிய நகரத்துக்கு வந்தவளின் பெயரை இட்டு வாழ்த்துகிறாள் முதியவள். நகரம் இரு பெயர் பெறுகிறது. இங்குக் கணவன் என்று எவனும் இல்லை. உரிமைப் போட்டியும் இல்லை. மூத்த பெண் ஒருத்தி தன் பெயர் நின்ற இடத்தில் இளையவள் பெயரை நிறுத்துகிறாள். நான் அறிந்தவரை, காவிரியைப் பற்றிய பழைய பாடல்களில் இதைவிடப் பெருந்தன்மையான இடம் வேறில்லை. கானல்வரிக்கு நாம் ஒதுக்கிய பக்கங்களில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்கு ஒதுக்காதது வியப்பளிக்கிறது.

கரகம் கவிழ்ந்த கதையைப் பிற்காலத்தார் வேறுவகையாக வளர்த்தனர். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் விநாயகர் காக்கை வடிவில் வந்து கமண்டலத்தைக் கவிழ்க்கிறார். சீகாழியில் இந்திரன் வளர்த்த நந்தவனம் வாடாதிருக்க அந்நீர் வேண்டியிருந்தது. தமிழ்க் கதைகள் எல்லாவற்றிலும் காவிரி பிறரால் கவிழ்க்கப்படுகிறாள். மன்னன் வேண்டினான், முனிவன் கவிழ்த்தான், தெய்வம் தட்டிவிட்டது. அவள் விருப்பம் என்ன என்று கேட்டவர் இலர்.

கொடகுக் கதையில் அவ்விருப்பமே நடுநாயகம். பிரமனின் மகள் லோபாமுத்திரை, மகப்பேறு வேண்டித் தவம் செய்த கவேர முனிவருக்கு வளர்ப்பு மகளாகிக் காவேரி எனப் பெயர் பெறுகிறாள். அகத்தியர் அவளை மணக்க விரும்ப, தன்னை ஒருபோதும் தனியே விட்டுச் செல்லலாகாது என்னும் உறுதியைப் பெற்றே இசைகிறாள். ஒருநாள் அவர் அவளைக் கமண்டலத்தில் நீராக அடக்கி வைத்துவிட்டு நீராடச் செல்கிறார். சொல் தவறியதும் அவள் வெளியேறுகிறாள். எவரும் கவிழ்க்கவில்லை, காக்கையும் வரவில்லை. தடுக்க முயன்றவர்களைக் கடந்து, பாகமண்டலத்தின் வழியே ஓடி, பலமுரி என்னும் இடத்தில் கொடவ மக்களை எதிர்கொள்கிறாள். அங்கே வெள்ளத்தின் வேகத்தில் பெண்களின் சேலைக் கொசுவம் பின்புறம் தள்ளப்பட்டதாம். கொடவப் பெண்டிர் இன்றும் கொசுவத்தைப் பின்னால் வைத்து உடுத்துவதற்கு இதனையே காரணமாகக் கூறுவர். காவேரம்மா என்று தங்கள் பெண்மக்களுக்கும் காவேரியப்பா என்று ஆண்மக்களுக்கும் பெயரிடும் அச்சமூகத்தார், சொல் தவறியவனை நீங்கிச் சென்றவளின் பெயரையே இடுகின்றனர். கோவலன் பாடிய காவேரியை அவர்களால் அடையாளம் காண இயலுமா என்பது ஐயமே. மாதவியின் காவேரியை ஒருவேளை காண்பர். கோல் வளைந்தால் என்னாகும் என மாதவி சொல்லாது விட்டதைத்தான் அக்கதை சொல்கிறது.

இரு கதைகளிலும் அகத்தியர் உண்டு, கவேரன் உண்டு, கமண்டலம் உண்டு. ஒன்று மற்றொன்றினின்று வந்தது என்று வழக்காட இங்கு எனக்கு விருப்பமில்லை. தமிழ்நாட்டில் அகத்தியரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கொடகுக் கதையும், கொடகுக் கதையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மணிமேகலைப் பதிகமும் உரிய இடம் பெறாதிருப்பது துறையின் குறை என்பதை மட்டும் சுட்டலாம்.

விலக்கும் வழக்கும்

ஆற்றின் பெயரைப் பெண்ணுக்கு இடுவதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மனுநூலின் மூன்றாம் இயல் மணத்துக்கு விலக்க வேண்டிய பெண்களைக் கூறுமிடத்து, விண்மீன், மரம், ஆறு முதலியவற்றின் பெயருடையவர்களையும் சேர்க்கிறது. ரோகிணி, ரேவதி, துளசி, கங்கா, யமுனா, காவேரி ஆகிய அனைவரும் அவ்விதிப்படி விலக்கத் தக்கவர். நாட்டு வழக்கோ அவ்விதியைச் சிறிதும் பொருட்படுத்தவில்லை. சாத்திரம் படித்த குடும்பங்களிலும் இப்பெயர்கள் பெருவழக்காக உள்ளன. நூல்விதியைக் கொண்டு சமூக வழக்கைக் கணிக்க முற்படுவோர் பெயர்ப்பட்டியலை ஒருமுறை நோக்குதல் நலம்.

வழக்கின் வலிமை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆடிப்பெருக்கு விடை கூறும். ஆடி பதினெட்டில் புதுநீர் நுரைத்து வரும் காவிரியைக் கருவுற்ற பெண்ணாகக் கருதி, மசக்கைக்குச் சித்திரான்னம் படைப்பர். காதோலை கருகமணியும் மஞ்சளும் நீரில் இடுவர். மணமான பெண்கள் தாலிக்கயிற்றைப் புதுப்பிப்பர். திருவரங்கத்தில் அரங்கனே ஆடியில் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் தருகிறான். அரசவைக் கவிஞருக்கு ஆறு மன்னனின் மனைவி. படித்துறையில் கூடும் பெண்களுக்கு அவள் வயிற்றுப்பிள்ளைக்காரி, வாய்க்கு ருசியாகக் கேட்பவள். மகளுக்குக் காவேரி எனப் பெயரிட்ட தாய்மார் பெரும்பாலும் இப்படித்துறைக் காவேரியையே எண்ணியிருப்பர், கானல்வரியை அன்று.

பொன்னி என்னும் பெயரில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பொன் என்பதோடு பெண்பால் இகரம் சேர்ந்த எளிய தமிழ்ப்பெயர் இது. சேக்கிழார் முதலியோர் ஆற்றை இப்பெயரால் சுட்டுவர். 1950 முதல் 1954 வரை கல்கியில் வெளிவந்த பொன்னியின் செல்வன் அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. (குழந்தையை ஆற்றிலிருந்து மீட்டவளாக அக்கதையில் வரும் ஊமைப் பெண்ணின் பெயரும் மந்தாகினி என்னும் ஆற்றுப்பெயரே. கல்கி இதனை எண்ணியே செய்தாரா, பெயர் அழகில் மயங்கினாரா என்பதை வாசகர் முடிவுக்கு விடலாம்.) ஆயினும் பொன்னி என்னும் பெண்ணைக் கண்டவுடன் காவிரியை நினைப்பது தவறாகலாம். செங்கல்பட்டு, திருவள்ளூர் முதலிய வடபகுதிகளில் பொன்னியம்மன் ஊர்த்தெய்வம். அப்பகுதிப் பொன்னிகள் அம்மன் பெயர் தாங்கியவர்கள். காவிரிக் கரையைக் கண்டிராதவர்களாகவும் இருக்கலாம். பெங்களூருத் தமிழருள் வடாற்காட்டிலிருந்து குடியேறியோர் மிகுதி ஆதலின் இந்நகரத்துப் பொன்னிகளை ஆற்றோடு இணைக்கும் முன் தயங்க வேண்டும். சேலம், தருமபுரி வட்டாரத்தில் காவேரி ஆண்களுக்கும் இடப்படும் பெயர் என்பதும் இங்கு நினைவுகொள்ளத்தக்கது. பெண்பெயர், ஆண்பெயர் என நாம் வகுத்த கோடு மேட்டூருக்கு மேலே சற்று மங்கிவிடுகிறது.

உரிமையும் உறவும்

1924ஆம் ஆண்டு ஒப்பந்தம், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 1991இன் இடைக்கால ஆணை, 2007இன் இறுதித் தீர்ப்பு எனச் சென்ற வழக்கு 2018 பிப்ரவரி 16இல் உச்சநீதிமன்றத்தில் ஒரு நிலைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கு 177.25 ஆயிரம் மில்லியன் கன அடி என்றும், கர்நாடகத்துக்குக் கூடுதலாக அளித்த 14.75இல் 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு என்றும் அது வகுத்தது. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் தனியுடைமை ஆகாது என்பதே அதன் அடிப்படை. சட்டம் இதனைக் கூறிய பின்னரும் மேடைப்பேச்சிலும் திரைப்பாட்டிலும் காவிரி எங்கள் தாய், எங்கள் மகள் என்னும் சொற்களில் அழுத்தம் விழுவது எங்கள் என்பதன் மேல்தான். சோழனுக்கும் பல்லவனுக்கும் அவைக்களத்தார் எழுதியதன் தொடர்ச்சி இது. உறவுப்பெயர்களை உரிமைச் சொற்களாக்கும் இம்மொழியை இலக்கியத் துறையினர் இனங்காட்ட வேண்டும். நீர்ப்பங்கீட்டைப் பொறியாளரும் நீதிபதிகளும் கவனிப்பர். பாரதியார் கங்கைக் கோதுமைக்குக் காவிரி வெற்றிலையை மாற்றுக்கொள்வதாகப் பாடியபோது ஆறுகளை எவர் மனைவியாகவும் ஆக்கவில்லை என்பது இவ்விடத்து ஒப்பு நோக்கத்தக்கது.

கங்கையும் காவிரியும் கோவலன் பாட்டில் சக்களத்தியர். நாட்டு வழக்கு அவர்களை அவ்வாறு விட்டுவைக்கவில்லை. சூரியன் துலாவில் புகும் நாளில், அக்டோபர் நடுவில், தலைக்காவேரிச் சுனையில் நீர் பொங்குவதைக் காணக் கொடவர் திரள்கின்றனர். அந்நாளில் அவர்கள் இல்லங்களில் ஒரு வெள்ளரிக்காயையோ தேங்காயையோ செம்பட்டுத் துணியால் சுற்றி, கழுத்தணி பூட்டிக் காவேரியாக அமர்த்துவர். வீட்டார் ஒவ்வொருவராய் அதன் முன் அரிசியிட்டு வணங்குவர். அதே பெயர்ச்சியை ஒட்டி, ஆற்றின் மறுகோடியில், மயிலாடுதுறையில் ஐப்பசித் துலா முழுக்குத் தொடங்குகிறது. தன்னிடம் மூழ்கியோர் விட்டுச் சென்ற பாவங்களைக் கழுவிக்கொள்ளக் கங்கையே அம்மாதம் அங்கு வந்து காவிரியில் நீராடுவதாக அவ்வூரார் நம்புகின்றனர். இவ்விரு சடங்குகளிலும் மன்னன் எவனும் இல்லை.